காத்திருக்கும் வசதி

பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போய்விட வேண்டும். சாக்கில் அழுந்திக் கிடந்தால் உள்ளே சூடேறும், சூடேறினால் இலை சிவக்கும், சிவந்த இலையை யாரும் எடுக்க மாட்டார்கள். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் படுகர் ஊரான எந்த ஹட்டிக்குப் போனாலும் மதியத்துக்கு மேல் சாலையோரத்தில் இலை மூட்டைகள் நிற்கும். ஏஜென்ட்டின் பிக்கப் வண்டி வரும். தராசுக் கொக்கியில் மூட்டை தொங்கும். மழைநாளில் இலையோடு வரும் தண்ணீருக்கென்று சில கிலோக்களைக் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதை வாங்குகிறவர் சொல்வார், கொடுக்கிறவர் கேட்டுக்கொள்வார். சின்ன நோட்டில் எடையை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி அடுத்த வளைவில் திரும்பிவிடும்.

அந்த நோட்டில் எடை இருக்கும், விலை இருக்காது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து, அந்த மாதத்துப் பச்சைத் தேயிலையின் சராசரி விலையைத் தேயிலை வாரியம் பிறகு அறிவிக்கும். பணம் அதற்கும் பிறகு வரும். இப்படி விலை தெரியாமலே தன் பொருளை வண்டியில் ஏற்றி அனுப்புகிறவரைத்தான் நாம் சொந்தத் தொழில் செய்பவர் என்கிறோம். அது பொய்யில்லை. அவர் தலைக்கு மேல் சூப்பர்வைசர் கிடையாது. மழை பலத்தால் வீட்டில் இருக்கலாம், கல்யாணத்துக்குப் போக யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். ஆனால் ‘இந்த விலைக்கு இன்று தர மாட்டேன், அடுத்த வாரம் வா’ என்று அவரால் சொல்ல முடியாது. அடுத்த வாரம் அந்த இலை இருக்காது.

சம்பள வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பி, கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதியும் நிறுவனங்களின் அறிக்கைகளை மொழிபெயர்த்தும் பிழைக்கத் தொடங்கிய பிறகு இந்த மூட்டைகளைக் கூர்ந்து பார்க்கிறேன். என் உழைப்பும் பெரும்பாலும் பச்சை இலைதான். இன்றைக்குக் காலி நேரம் இருக்கிறதென்றால் இன்றைக்கே விற்றாக வேண்டும், நாளைக்கு அது இல்லை. ஆகவே குறைந்த கூலிக்கும் தலையாட்டுகிறோம், ராத்திரி அனுப்பி விடியலில் கேட்கிறவருக்கும் சரி என்கிறோம். என்னோடு படித்தவர்களில் கோவையிலும் பெங்களூரிலும் இருந்துவிட்டு, கொரோனாவுக்குப் பிறகு ஊரோடு தங்கியவர்கள் பலர் உண்டு. ஒருவர் வீட்டின் ஒரு பாதியைத் தங்கும் அறையாக்கினார், இன்னொருவர் கைத்தேயிலை செய்கிறார், வேறொருவர் கேத்தி பள்ளத்தாக்கில் குத்தகை நிலத்தில் கேரட் போடுகிறார். கூடிப் பேசினால் பேச்சு இரண்டு இடங்களில்தான் சுற்றும். எப்போது இதிலிருந்து பணக்கவலை இல்லாமல் நிமிர்வோம் என்பது ஒன்று. இந்த வேலைக்காகத்தான் வந்தோமா, நாம் செய்ய நினைத்தது வேறல்லவா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு இப்போது உலகம் முழுக்க ஒரு கணக்கு புழங்குகிறது. வருடச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் பிறகு சம்பாதிக்கத் தேவையில்லை என்பார்கள். இதன் வேர் 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கில் இருக்கிறது. சேமிப்பில் முதல் ஆண்டு நூற்றுக்கு நாலு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் முப்பது ஆண்டு தாங்கும் என்று அந்நாட்டுச் சந்தையின் பழைய புள்ளிவிவரங்களை வைத்துக் காட்டினார். நல்ல கணக்குதான், குறை சொல்ல மாட்டேன். மாதம் 20,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு அது 60 லட்சம். இங்கே ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரை நினைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நாலாயிரம் கிலோ பச்சை இலை, கிலோ 20 ரூபாய் என்றால் 80,000. இலை எடுக்கும் கூலியே பாதியைத் தின்றுவிடும். உரம், களை, மருந்து போக 30,000 நிற்கிறதென்று வைத்துக்கொண்டாலும், அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 60 லட்சத்துக்கு இருநூறு ஆண்டு ஆகும்.

இந்த மலையில் பொருளாதாரச் சுதந்திரத்தை அளக்க வேறு கோல் வேண்டும். என் கண்ணுக்குப் படுவது இதுதான்: ஒருவரால் எத்தனை மாதம் ‘பொறு’ என்று சொல்ல முடிகிறது? மூன்று மாதம் சொல்ல முடிந்தவர் மூன்று மாத அளவுக்குச் சுதந்திரமானவர். ஒரு நாள்கூடச் சொல்ல முடியாதவர், பட்டாவும் பாஸ்புக்கும் அவர் பேரில் இருந்தாலும், கூலிக்காரர்தான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் வழியாக வந்தது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. பிறகு வந்த ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கடல் தாண்டி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, குடும்ப அட்டையோடு வெளியே வந்தார்கள். யாருக்கு என்ன மறுவாழ்வு உதவி என்பது அந்த அட்டையில் எழுதியிருக்கும். சிலருக்குத் தோட்ட வேலை, சிலருக்கு நூற்பாலை, சிலருக்கு நிலம். மிகப் பலருக்கு எழுதப்பட்டது வியாபாரக் கடன். குடும்பத்துக்கு 5,000 ரூபாய் அளவில் கொடுத்து, சொந்தத் தொழில் செய்து பிழைத்துக்கொள்ளச் சொன்ன திட்டம்.

தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்த மக்கள் அவர்கள். பெரட்டு என்கிற விடிகாலை ஆள் கணக்கெடுப்பும், செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவதும் தெரியும். எந்தக் கிளையை எங்கே வெட்டினால் எப்படித் துளிர்க்கும் என்று தெரியும். கடை வைக்கத் தெரியாது. என் தாத்தாவின் அட்டையிலும் வியாபாரக் கடன்தான். துறையூர்ப் பக்கம் பூர்வீக ஊர் என்று கேள்விப்பட்டிருந்த ஒரு கிராமத்துக்குப் போய், அரிசியும் கருவாடும் பீடியும் வைத்துப் பெட்டிக்கடை போட்டார். கிராமம் கடனில் வாங்கும், அறுப்பு முடிந்து திருப்பித் தரும். அது அந்த ஊரின் நியாயம், அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் அறுப்பு வரைக்கும் தாத்தா வீட்டில் அடுப்பெரிய வேண்டும். கடைச் சரக்கே வீட்டுச் சோறாயிற்று. பின்னே முதல் எங்கே நிற்கும்? அறுப்புக்கு முன்னாலேயே கடை காலி.

அந்தக் காலத்து அதிகாரிகளும் பிறகு எழுதியவர்களில் சிலரும் இம்மக்களுக்கு வியாபாரத் திறமை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாத்தாவிடம் இல்லாதது திறமை மட்டுமென்றால் ஓராண்டில் கற்றுக்கொண்டிருப்பார். அந்த ஓராண்டை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. தொழிலுக்குப் பணம் கொடுத்தவர்கள், தொழில் காலூன்றும்வரை வீடு எப்படிச் சாப்பிடும் என்பதற்கு ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. இன்றைக்கு ஸ்டார்ட்அப் தொடங்குகிற பையன்களுக்கு எல்லாரும் சொல்கிற முதல் புத்தி, ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை விடு என்பது. அந்த ஆறு மாதம் இல்லாமல் லட்சக்கணக்கான மக்களைச் சொந்தத் தொழிலில் இறக்கிவிட்ட வரலாறு நம்மிடம் இருக்கிறது. அதை யாரும் அந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை.

கடை போனவர்களில் ஏராளமானோர் தெரிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கு வந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மலையேறிய தாத்தா கோத்தகிரியில் தினக்கூலியானார். அங்கே படுகர் நிலங்களில் அப்போது புதிதாகத் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். கன்று நட ஆள் வேண்டியிருந்தது, நடத் தெரிந்த கைகள் கப்பலேறி வந்திருந்தன.

அந்தத் தேயிலைக்கும் ஒரு கதை உண்டு. இந்த மலையின் சிறு விவசாயிகள் சாமையும் கோதுமையும் போட்டுவந்து, பிறகு உருளைக்கிழங்கில் காசு பார்த்தவர்கள். 1961இல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கிழங்குச் செடியின் வேரில் பொன்னிற நூற்புழுவைக் கண்டுபிடித்தார். அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். கிழங்கை மட்டும் நம்ப முடியாது என்று ஆனபோது தேயிலை பக்கம் திரும்பினார்கள். கன்று நட்டால் வருமானம் வர மூன்று நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். பொறுக்க முடிந்தவர்கள்தான் நட்டார்கள், மற்றவர்கள் அடுத்த வீட்டைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள். இலையை எஸ்டேட்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் சொல்லும் விலைக்கு நிற்பதை மாற்ற, 1962இல் குந்தாவில் விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965இல் இவற்றுக்கான இணையமாக இன்ட்கோசர்வ் குன்னூரில் அமைந்தது. இன்று அதன் கீழ் பதினாறு ஃபேக்டரிகள். அந்தக் கூட்டுறவின் உள்ளர்த்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். இலை காத்திருக்காது, ஆனால் தூளாக்கி மூட்டை கட்டினால் மாதக்கணக்கில் காத்திருக்கும். தூளாக்கும் இயந்திரம் நம்முடையதாக இருந்தால் காத்திருக்கும் வலுவும் நம்முடையதாகும் என்று நினைத்தார்கள்.

நினைத்தது பாதிதான் நடந்தது. சோவியத் யூனியன் நம் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 1991இல் அது கலைந்த பிறகும் சில காலம் விலை நின்றது. 1998க்கு அப்புறம் சரிந்தது. கிலோ 15 ரூபாய்க்கு மேல் பார்த்த பச்சைத் தேயிலை, 2000 வாக்கில் 5 ரூபாய்க்கு வந்தது. எடுக்கிற கூலிக்கே காணாது என்று தேயிலையை அப்படியே வளரவிட்ட வீடுகள் உண்டு. அப்படி உயர்ந்துபோன செடிகளை இன்றைக்கும் சில சரிவுகளில் பார்க்கலாம். 2003இல் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, ஏல விலையை விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் பங்கு பிரிக்கும் முறை வந்தது. ஏல விலையே கீழே இருந்தால் பங்கு என்ன செய்யும்? 2023 செப்டம்பரில் கோத்தகிரிக்கு அருகே நட்டக்கல்லில் விவசாயிகள் வாரக்கணக்கில் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோதும் கேட்டது கட்டுப்படியாகும் விலையைத்தான், கிலோவுக்கு 33.50 ரூபாய். உற்பத்திச் செலவோடு அதில் பாதியைச் சேர்த்து விலை கொடு என்று எம்.எஸ். சுவாமிநாதன் குழு சொன்ன கணக்கின்படியான கோரிக்கை.

இந்த விலைச் சரிவுகளில் விழாமல் நின்ற வீடுகளைக் கவனித்திருக்கிறேன். நிலம் அதிகம் உள்ளவர்கள்தான் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒருவர் வேலை பார்த்த வீடு நின்றது. இரண்டு மாடு கட்டியிருந்த வீடு நின்றது. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி காய்கறி வைத்திருந்த வீடு நின்றது. மகள் டீச்சராகிவிட்ட வீடு நின்றது. ஏதோ ஒரு மூலையிலிருந்து சிறு தொகை வந்துகொண்டே இருந்தது. அதனால் தேயிலை விலைக்காக அவர்களால் ஓராண்டு, ஈராண்டு காத்திருக்க முடிந்தது. தேயிலையைத் தவிர ஒன்றுமில்லை என்று, நல்ல காலத்தில் காய்கறிப் பாத்தியையும் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்ட வீடுகள்தான் மிகவும் அடிபட்டன.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேயிலை வைத்திருக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். படுகர் வீட்டுப் பெண், கணவர் இறந்த பிறகு தனியாகத் தோட்டத்தைப் பார்க்கிறார். அவர் கவாத்து செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான், வேலையையும் சொந்த ஆசையையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது.

தேயிலைச் செடியை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் செடி உயர்ந்துகொண்டே போகும், கொழுந்து குறையும், முற்றின இலைதான் கைக்கு வரும். கவாத்து என்றால் பச்சையே தெரியாமல் வெட்டுவது. இரண்டடி உயரத்தில் வெறும் குச்சிகள் நிற்கும். பிறகு துளிர் வந்து, மட்டம் பிடித்து, பழையபடி இலை எடுக்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அந்த நிலத்திலிருந்து பைசா வராது. ஆனால் உரத்துக்கும் ஆளுக்கும் செலவு உண்டு. ஆகவே கஷ்டத்தில் இருக்கும் விவசாயி முதலில் தள்ளிப்போடுவது கவாத்தைத்தான். இந்த வருடம் பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ், அடுத்த வருடம் பார்ப்போம். அடுத்த வருடம் விலை நன்றாக இருக்கிறது, இப்போது போய் வெட்டுவதா? அதற்கடுத்த வருடம் விலை இல்லை, வெட்டக் கூலி இல்லை. நல்ல காலமும் கெட்ட காலமும் ஒன்றுபோல அதைத் தள்ளிப்போட வைக்கின்றன.

அக்கா தள்ளிப்போடுவதில்லை. தோட்டத்தை நாலு பத்தியாகப் பிரித்திருக்கிறார். சில்வர் ஓக் வரிசைதான் எல்லை. ஆண்டுக்கு ஒரு பத்தி மட்டும் வெட்டுவார். எஸ்டேட்டுகள் காலங்காலமாகச் செய்கிற முறைதான், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் கைவிடுவதை அவர் கைவிடவில்லை, அவ்வளவே. மூன்று பத்திகள் சோறு போடும், ஒன்று குச்சியாக நிற்கும். “மொத்தமா வெட்டினா நான் சாவேன், வெட்டாமயே விட்டா செடி சாகும்” என்றார் ஒருமுறை. வெட்டப்போகும் பத்தியில் முன்கூட்டியே சில வாரம் இலை எடுப்பதை நிறுத்தி வைப்பார். வேரில் மாவுச்சத்து சேர வேண்டுமாம். இதற்குத் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை சொல்வார்கள். பென்சில் கனத்து வேரை நறுக்கி அயோடின் சொட்டு விட்டால், சத்து இருந்தால் கருநீலமாகும். நிறம் ஏறவில்லையென்றால் வெட்டக் கூடாது, வெட்டினால் செடி மீளாமலே பட்டுப்போகும்.

சொந்தத் தொழிலுக்கு வந்த பிறகு என் நாட்கள் முழுக்க முழுக்க இலை எடுக்கிற நாட்களாகவே இருந்தன. நேரம் நம்முடையதாகும் என்றுதான் சம்பள வேலையை விடுகிறோம். விட்ட பிறகு, விற்காத மணி நேரமெல்லாம் வீணான மணி நேரமாகத் தோன்றத் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்தால், அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை பக்கம் மொழிபெயர்த்திருக்கலாம் என்று மனம் பெருக்கிப் பார்க்கிறது. இது அலுவலகத்தில் கிடையாது. அங்கே ஆறு மணிக்குமேல் யாரும் என் நேரத்துக்கு விலை ஒட்டியதில்லை. அக்காவைப் பார்த்த பிறகு ஆண்டில் நாலில் ஒரு பங்கை வருமானமில்லாத பத்தியாக ஒதுக்கினேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்கு மழை அடிக்கும் மாதங்களில், புது வேலை எடுப்பதில்லை. மற்ற ஒன்பது மாதத்தில் அதற்கான அரிசியைச் சேர்த்து வைத்தாக வேண்டும். சேராத வருடத்தில் பத்தியைச் சிறிதாக்கிக்கொள்வேன், இல்லாமல் செய்வதில்லை. வேரில் சத்து இல்லாமல் வெட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். மழைக்காலம் வருமுன் அம்மாவின் மருத்துவச் செலவுக்கும் வீட்டுக்கும் கையில் இருப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கதவை மூடுவேன்.

அந்த மாதங்களில் செய்வது ஒன்றே. கப்பலில் வந்த பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வது. எந்தத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயம், கோச்சியில் ஏறிய அன்று எதைக் கட்டி எடுத்துவந்தார்கள், எதை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள், முகாமில் என்ன சாப்பாடு, கடன் பணத்தில் என்ன வாங்கினார்கள். ஒருவர் தையல் மெஷின் வாங்கியிருக்கிறார், துணி கொண்டுவர அந்த ஊரில் ஆளில்லை. ஒருவர் மாடு வாங்கியிருக்கிறார், கோடையில் தீவனத்துக்கே மாட்டை விற்றிருக்கிறார். கேட்டுக்கொண்டே போனால் 5,000 ரூபாய் எத்தனை விதமாகக் கரைய முடியும் என்பதன் முழு அகராதியே கிடைக்கும். அன்று முப்பது வயதில் வந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது. போன மழைக்குப் பேசியவர் இந்த மழைக்கு இல்லை.

இதனால்தான், முதலில் 25 மடங்கு சேர்ப்போம், பிறகு மனசுக்குப் பிடித்ததைச் செய்வோம் என்கிற வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஆசைகளிலும் தூள் உண்டு, பச்சை இலை உண்டு. இத்தாலிய மொழி கற்பது பத்து வருடம் பொறுக்கும். ஊட்டி ஏரியைச் சுற்றி வீடு வாங்கும் கனவு இருபது வருடம் பொறுக்கும், பொறுக்காமல் போனாலும் மோசமில்லை. குழந்தையின் ஐந்து வயது பொறுக்காது. அப்பாவின் முழங்கால் நன்றாக இருக்கும்போது அவரோடு தொட்டபெட்டா ஏறுவது பொறுக்காது. எண்பத்துமூன்று வயது அம்மாயியின் ஞாபகம் பொறுக்காது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு யாரும் லீவு கொடுப்பதில்லை. ஆகவே எது காத்திருக்கும், எது இந்த வாரமே சிவந்துபோகும் என்று பிரித்துப் பார்ப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி. பணக் கணக்கைவிட எனக்கு இது கடினமாக இருக்கிறது.

நண்பர்களிடையே ஒரு யோசனை அடிக்கடி வரும்: ஆசைப்பட்டதையே தொழிலாக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமே என்று. சிலருக்கு அது கைகூடியிருக்கிறது. கைத்தேயிலை செய்கிற நண்பர் மொட்டு மட்டும் கிள்ளி, வெறுமனே வாடவிட்டு உலர்த்தி வெள்ளைத் தேயிலை செய்கிறார். ஏஜென்ட்டுக்குப் போட்டால் ஒரே நாளில் கைமாறியிருக்க வேண்டிய இலை, அவர் வீட்டு டப்பாவில் ஓராண்டு மணம் மாறாமல் இருக்கிறது. விலையையும் அவரே சொல்கிறார். அறுபது ஆண்டுக்கு முன் கூட்டுறவு ஃபேக்டரி கட்டியவர்கள் கண்ட கனவைச் சிறிய அளவில் அவர் எட்டியிருக்கிறார், அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் அவர் தேயிலை ருசி பார்க்க உட்காரும் மாலை நேரங்கள் இப்போது பார்சல் ஒட்டும் நேரங்களாகிவிட்டன. பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஒரு நிறுவனத்துக்குத் தரும்படி என்னையும் கேட்டார்கள், நல்ல தொகை. மறுத்துவிட்டேன். எத்தனை பேர், எந்தத் தேதிக்குள், எத்தனை நிமிடம் என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தால் கூடவே சும்மா இருக்க எனக்கு முடிய வேண்டும். நாலு பத்தியில் ஒன்றாவது எவருக்கும் எடை போட்டுக் கொடுக்காததாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

இதெல்லாம் நாலு பத்தி இருப்பவர்களின் பேச்சு என்பதும் தெரியும். அம்மாயியின் தங்கைக்கு, நாங்கள் சின்னம்மாயி என்போம், குடும்ப அட்டையில் தோட்ட வேலை எழுதியிருந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனமாயிற்று. சேரம்பாடிப் பக்கம் அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வேலை இருக்கும்வரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மாதச் சம்பளமும் பண்டும் பிடித்தமும் ஒழுங்காக இருந்த வாழ்க்கைதான், ஆனால் அறுபது வயதில் தலைக்கு மேல் கூரை இல்லை என்ற கணக்கோடுதான் அது முடிகிறது. அந்தக் கூடலூர் வட்டாரத்தில் வீட்டுக்கு இடம் தேடினால் பெரும்பாலும் போய் நிற்பது ஜென்ம நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலத்தில். 1969ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பிரிவு நிலத்துக்கு இன்னும் தீர்வு வரவில்லை, பட்டா கிடையாது. சின்னம்மாயியின் பண்டுப் பணமும் கிராஜுவிட்டியும் அப்படி ஓர் இடத்தில் இரண்டு அறையாக எழும்பி நிற்கின்றன. அந்தச் சுவரை வைத்துக் கடன் வாங்க முடியாது, விற்க முடியாது.

அந்தப் பணத்திலும் அவர் கொஞ்சம் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். இலங்கையில், பொகவந்தலாவையில் தான் பிறந்த லயத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள் என்று டிவியில் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. பிள்ளைகள் அந்தப் பணத்தில் தளம் பூசச் சொன்னார்கள். “தளம் அடுத்த வருஷம் பூசலாம்டி, என் காலு அடுத்த வருஷம் நடக்குமா?” என்று என்னிடம் கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆதாரில் இன்னும் காலி செய்த லயத்தின் முகவரி இருக்கிறது. அதை மாற்ற இப்போதைய வீட்டுக்குக் கதவு எண் வேண்டும். கதவு எண்ணுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.